ஜென் ஹைப்பர்வைசரும் அதிலிருந்து நிகழ்ந்த இடப்பெயர்வும்

ஜென் என்பது ஒரே கணினியில் பல இயங்குதளங்களை ஒன்றின் வேலையில் மற்றொன்று தலையிடாதபடி இயக்க உதவும் திறந்த மூல மென்பொருள் ஆகும். இத்தகைய மென்பொருள் ஹைப்பர்வைசர் எனப்படும். அது உருவாக்கித் தரும் ஒவ்வொரு தனிச்சூழலும் மெய்நிகர் கணினி எனப்படும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் உருவான ஜென், 2003ஆம் ஆண்டு வெளியானது. அமேசான் நிறுவனம் 2006இல் தொடங்கிய ஈசி2 என்னும் மேகக் கணிமைச் சேவை இதன் மேல்தான் அமைக்கப்பட்டது. சுமார் பத்தாண்டுகள் கழித்து, அமேசான் உட்பட ஜென்னின் பெரிய பயனர்கள் பலர் லினக்ஸின் ஒரு பகுதியாக வளர்ந்த கேவிஎம் என்னும் மற்றொரு திறந்த மூல மென்பொருளுக்கு மாறினர்.

இந்த மாற்றம் நடந்தபோது ஜென் நல்ல நிலையில் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. அக்காலச் செயலிகளில் இருந்த ஒரு குறையை ஈடுகட்டவே ஜென் வடிவமைக்கப்பட்டிருந்தது. செயலி உற்பத்தியாளர்கள் அந்தக் குறையை நீக்கிய பின்னர், ஜென்னின் சிறப்பாகப் போற்றப்பட்ட வடிவமைப்பே பராமரிப்புச் சுமையாக மாறியது. ஆனாலும், பல வாடிக்கையாளர்களின் வலைத்தளங்களும் தரவுத்தளங்களும் அதன் மேல் இயங்கிவந்ததால், ஒரே நாளில் அதைக் கைவிட எவராலும் இயலவில்லை.

பின்னணி

மெய்நிகராக்கம் ஜென்னுக்குப் பல பத்தாண்டுகள் முந்தையது. ஐபிஎம் நிறுவனம் 1960களில் சிபி-40 என்னும் ஆய்வு அமைப்பை உருவாக்கியது. அதன் வழிவந்த விஎம்/370 என்னும் அமைப்பு 1972இல் வெளியானது. விலை மிகுந்த ஒரு பெருங்கணினியைப் பலர், தமக்கே உரிய தனிக்கணினி போலப் பயன்படுத்த இது வழிசெய்தது.

ஒரு செயலியை எளிதாக மெய்நிகராக்க வேண்டுமானால் அது எந்த நிபந்தனையை நிறைவுசெய்ய வேண்டும் என்பதை ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் 1974இல் ஒரு கட்டுரையில் வரையறுத்தனர். கணினியின் கட்டுப்பாட்டு நிலையைத் தொடும் கட்டளை ஒன்றை உரிமையில்லாத நிரல் இயக்க முயன்றால், செயலி உடனே நின்று, மேற்பார்வை மென்பொருளிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்க வேண்டும். இதுவே அந்த நிபந்தனையின் சாரம்.

1990களில் உலகெங்கும் பரவிய இன்டெல் வழிவந்த எக்ஸ்86 செயலிகள் இந்த நிபந்தனையை நிறைவுசெய்யவில்லை. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பென்டியம் செயலியில் இத்தகைய சிக்கலான கட்டளைகள் 17 இருப்பதாகக் கணக்கிட்டது. 'பாப்எஃப்' என்னும் கட்டளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உரிமையில்லாத நிரல் ஒன்று இக்கட்டளையால் குறுக்கீட்டு அனுமதியை மாற்ற முயன்றால், செயலி பிழை எதையும் அறிவிக்காது. அந்த மாற்றத்தைச் செய்யாமல் அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடும். இதனால், என்ன நடந்தது என்பதே மேற்பார்வை மென்பொருளுக்குத் தெரியாமல் போகும்.

இந்தத் தடையை முதலில் வணிக அளவில் தாண்டியது அமெரிக்காவின் விஎம்வேர் நிறுவனம். 1999இல் வெளியான அதன் மென்பொருள், உள்ளே இயங்கும் இயங்குதளத்தின் சிக்கலான கட்டளைகளை இயங்கும் நேரத்திலேயே பாதுகாப்பான கட்டளைகளாக மாற்றி எழுதியது. முறை திறமையானது என்றாலும் அதன் மூலநிரல் வெளியாருக்குத் திறக்கப்படவில்லை.

கேம்பிரிட்ஜில் தோற்றம்

கேம்பிரிட்ஜில் இயான் பிராட் தலைமையில் நடந்த ஆய்வுத் திட்டம் ஜீனோசர்வர் என்பதாகும். உலகின் பல இடங்களில் வழங்கிகளை அமைத்து, யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தித் தம் நிரலை அவற்றில் இயக்கலாம் என்பதே அதன் நோக்கம். பின்னாளில் மேகக் கணிமை என்று பெயர் பெற்ற தொழிலின் கரு இதில் இருந்தது. முன்பின் அறியாதவர்களின் நிரல்களை ஒரே கணினியில் இயக்க வேண்டுமானால் அவற்றுக்கிடையே உறுதியான தடுப்பு தேவை. அந்தத் தடுப்பாகவே ஜென் எழுதப்பட்டது.

2003 அக்டோபரில் நடந்த இயங்குதளக் கோட்பாடுகள் குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கில், பால் பார்ஹாம், கீர் ஃபிரேசர், ஸ்டீவன் ஹேண்ட், இயான் பிராட் உள்ளிட்ட ஒன்பது பேர் ஜென்னை விளக்கும் கட்டுரையை அளித்தனர். கட்டுரையின் தலைப்பு, ராபர்ட் பிர்சிக் எழுதிய புகழ்பெற்ற நூலொன்றின் தலைப்பைச் சொல்விளையாட்டாக மாற்றி அமைக்கப்பட்டது. ஒலிப்பில் ஒத்திருந்தாலும் இம்மென்பொருளுக்கு ஜென் பௌத்தத்தோடு வேறு தொடர்பு இல்லை. ஒரே வழங்கியில் 100 மெய்நிகர் கணினிகளை இயக்கிய சோதனையும் அக்கட்டுரையில் இடம்பெற்றது. மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது.

செயல்படும் முறை

ஜென் குழுவினர் தேர்ந்தெடுத்த வழி பாரா மெய்நிகராக்கம் எனப்படுகிறது. விஎம்வேர், உள்ளே இயங்கும் இயங்குதளத்துக்குத் தெரியாமல் அதன் கட்டளைகளை மாற்றியது. ஜென்னோ, அந்த இயங்குதளத்தையே முன்கூட்டித் திருத்திக்கொள்ளச் சொன்னது. நேரடியாக வன்பொருளைத் தொடும் இடங்களில் எல்லாம் ஹைப்பர்வைசரைக் கேட்டுச் செய்யும்படி, இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் மாற்றி எழுதப்பட்டது. பொய்யான வன்பொருளைக் காட்டி நம்பவைக்கும் வேலை குறைந்ததால் வேகம் கூடியது. மூலநிரல் திறந்திருந்த லினக்ஸுக்கு இது பொருத்தமான வழி. விண்டோஸ் போன்ற மூடிய இயங்குதளங்களை வெளியார் இவ்வாறு திருத்தி வெளியிட இயலாது.

ஜென் தன்னளவில் மிகச் சிறியது. வட்டு, வலையட்டை போன்றவற்றுக்கான இயக்கிகளை அது தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. 'டொமைன் 0' என்ற சிறப்பு மெய்நிகர் கணினியில் லினக்ஸ் போன்ற முழு இயங்குதளம் இயங்கி, வன்பொருளைக் கையாண்டது. மற்ற மெய்நிகர் கணினிகள் அதன் வழியாக வட்டையும் வலையமைப்பையும் பயன்படுத்தின. சிறிய ஹைப்பர்வைசர், தனித்துப் பிரிக்கப்பட்ட இயக்கிகள் என்ற இந்த அமைப்பு பாதுகாப்பு நோக்கில் பாராட்டப்பட்டது. ஆனால், டொமைன் 0 ஆக இயங்க லினக்ஸ் கெர்னலில் ஏராளமான திருத்தங்கள் தேவைப்பட்டன. பின்னாளில் எழுந்த சிக்கல்களில் பெரும்பங்கு இங்கிருந்து தொடங்கியது.

2005இல் இக்குழுவினர், இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டனர். ஒரு விளையாட்டுச் சேவையைப் பயனர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே நகர்த்திக் காட்டினர். அதில் சேவை தடைப்பட்ட நேரம் சுமார் 60 மில்லிநொடி மட்டுமே.

வணிகப் பயன்பாடு

பிராட்டும் அவருடைய சகாக்களும் ஜென்சோர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அதை சிட்ரிக்ஸ் நிறுவனம் 2007இல் சுமார் 50 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் வாங்கியது. ரெட் ஹாட், சூசே ஆகிய லினக்ஸ் நிறுவனங்களும் தம் வழங்கிப் பதிப்புகளில் ஜென்னைச் சேர்த்தன.

ஜென்னின் வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் அமேசானால் வந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் கிறிஸ் பிங்கம் தலைமையிலான சிறு குழு உருவாக்கிய ஈசி2 சேவை, 2006 ஆகஸ்டில் சோதனை நிலையில் திறக்கப்பட்டது. 1.7 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு நிகரான திறன், 1.75 ஜிபி நினைவகம், 160 ஜிபி வட்டு கொண்ட மெய்நிகர் கணினியை மணிக்கு 10 சென்ட் வாடகைக்குப் பெற முடிந்தது. ஒவ்வொரு கணினிக்கும் உரிமக் கட்டணம் செலுத்தத் தேவையில்லாத திறந்த மூல ஹைப்பர்வைசர் இருந்தது இத்தகைய வணிகத்துக்குப் பெரிய துணையாக அமைந்தது.

செயலிகளில் வந்த மாற்றம்

ஈசி2 தொடங்குவதற்கு முன்பே ஜென்னின் அடிப்படைக் காரணம் கரையத் தொடங்கியிருந்தது. இன்டெல் 2005 நவம்பரிலும், ஏஎம்டி 2006இலும் மெய்நிகராக்கத்துக்கான தனி வசதியைத் தம் செயலிகளில் சேர்த்தன. இதன்பின், திருத்தப்படாத இயங்குதளத்தையும் அப்படியே மெய்நிகர் கணினியில் இயக்க முடிந்தது. 2005 டிசம்பரில் வெளியான ஜென் 3.0 இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. வன்பொருளின் துணையோடு இயங்கும் இம்முறை எச்விஎம் எனப்பட்டது. தொடக்கத்தில் இது பாரா மெய்நிகராக்கத்தைவிட மெதுவாகவே இருந்தது. பின்னர் நினைவகப் பக்க அட்டவணைகளை மொழிபெயர்க்கும் வேலையையும் செயலியே ஏற்றுக்கொண்டது. ஏஎம்டி 2007இலும் இன்டெல் 2008இலும் இவ்வசதியைத் தந்தபின் நிலைமை மாறியது.

இதற்கிடையே 64 பிட் செயலிகள் பரவின. 32 பிட் செயலியில் ஜென், உள் இயங்குதளத்தின் கெர்னலைத் தனக்குக் கீழும் பயனர் நிரல்களுக்கு மேலும் ஓர் இடைநிலையில் வைத்திருந்தது. நினைவகத்தின் எல்லையைக் காக்கும் 'செக்மென்ட் வரம்பு' என்னும் வசதி அதற்கு உதவியது. 64 பிட் வடிவமைப்பில் அந்த வசதி கைவிடப்பட்டது. அதனால் கெர்னலும் பயனர் நிரலும் ஒரே உரிமை நிலையில் இயங்க வேண்டியதாயிற்று. அவற்றைப் பிரித்துவைக்க, ஒவ்வொரு முறை நிரல் கெர்னலை அழைக்கும்போதும் ஜென் இடையில் புகுந்து பக்க அட்டவணையை மாற்றியது. வேகத்துக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வழி, புதிய செயலிகளில் வேகத்தைக் குறைக்கும் வழியாக ஆனது.

கேவிஎம்மின் வருகை

இஸ்ரேலைச் சேர்ந்த கும்ரானெட் நிறுவனத்தின் அவி கிவிட்டி, 2006 அக்டோபரில் கேவிஎம் என்ற சிறு நிரல்தொகுதியை லினக்ஸ் உருவாக்குநர்களிடம் அளித்தார். செயலிகளின் புதிய வசதி இருக்கிறது என்ற அடிப்படையிலேயே அது எழுதப்பட்டது. நேரப் பங்கீடு, நினைவக மேலாண்மை, வன்பொருள் இயக்கிகள் ஆகியவை லினக்ஸில் ஏற்கெனவே இருந்ததால் அவற்றைத் திரும்ப எழுதும் தேவை எழவில்லை. கேவிஎம்மில் ஒரு மெய்நிகர் கணினி என்பது லினக்ஸின் பார்வையில் மற்றுமொரு செயல்முறை மட்டுமே. சில மாதங்களிலேயே, 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20 பதிப்பில் அது சேர்ந்துவிட்டது.

ஜென்னுக்குத் தேவையான திருத்தங்களின் கதை வேறாக இருந்தது. ஜென்னின் உள்ளே இயங்குவதற்கான ஆதரவு 2007 அக்டோபரில் வெளியான 2.6.23 பதிப்பில் லினக்ஸில் சேர்ந்தது. டொமைன் 0 ஆக இயங்குவதற்கான திருத்தங்களோ நீண்ட விவாதத்துக்கு உள்ளாயின. அவை கெர்னலின் பல பகுதிகளில் ஊடுருவுவதாகப் பராமரிப்பாளர்கள் சிலர் எதிர்த்தனர். 2011 ஜூலையில் வெளியான லினக்ஸ் 3.0 பதிப்பில்தான் டொமைன் 0 ஆக இயங்கப் போதுமான ஆதரவு முழுமை பெற்றது.

கேவிஎம் சேர்ந்ததற்கும் இதற்கும் இடையே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ஆண்டுகளில் ஜென்னை வழங்கிய ஒவ்வொரு நிறுவனமும், புதிய கெர்னல் வரும்போதெல்லாம் திருத்தங்களைத் தானே சுமந்து பொருத்த வேண்டியிருந்தது. திறந்த மூல உலகில் ஒரு மென்பொருளின் வயதை நிர்ணயிப்பதில், மூல மரத்திலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதற்குப் பெரும் பங்கு உண்டு. ஜென்னின் வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ரெட் ஹாட்டின் முடிவு

முதலில் வெளிப்படையாக விலகியது ரெட் ஹாட். 2007 மார்ச்சில் வெளியான அதன் ஐந்தாம் பதிப்பு ஜென்னை முதன்மை வசதியாகக் கொண்டிருந்தது. 2008 செப்டம்பரில் அந்நிறுவனம் கும்ரானெட்டை 10.7 கோடி டாலருக்கு வாங்கியது. 2009இல் ஐந்தாம் பதிப்பின் இடைவெளியீடு ஒன்றில் கேவிஎம் சேர்க்கப்பட்டது. 2010 நவம்பரில் வந்த ஆறாம் பதிப்பு, ஜென்னை இயக்கும் வழங்கியாகச் செயல்படவில்லை. வேறொருவரின் ஜென் வழங்கியில் உள்ளே இயங்க மட்டுமே அதனால் முடிந்தது. ஐந்தாம் பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2017 வரை தொடர்ந்ததால், வாடிக்கையாளர்களுக்கு மாறிக்கொள்ள நீண்ட அவகாசம் கிடைத்தது. உபுண்டு 2008இலேயே கேவிஎம்மை முதன்மைத் தேர்வாக ஏற்றிருந்தது.

2014ஆம் ஆண்டின் மறுதொடக்கங்கள்

வாடகை வழங்கி நிறுவனங்களுக்குக் கெர்னல் பராமரிப்பு மட்டும் கவலையாக இருக்கவில்லை. 2014 செப்டம்பரில், சூசே நிறுவனத்தின் யான் பொய்லிஷ் ஜென்னில் ஒரு வழுவைக் கண்டறிந்தார். அது எக்ஸ்எஸ்ஏ-108 என்று எண்ணிடப்பட்டது. ஒரு மெய்நிகர் கணினி தனக்கு உரியதல்லாத நினைவகப் பகுதியைப் படிக்க அவ்வழு இடம்கொடுத்தது. அங்கே ஹைப்பர்வைசரின் தரவோ வேறொரு வாடிக்கையாளரின் தரவோ இருக்கலாம்.

விவரம் அக்டோபர் 1 அன்று வெளியாவதற்குள் திருத்தத்தைப் பொருத்த வேண்டும். அமேசான் பயன்படுத்திய ஜென்னில் இதற்கு வழங்கிகளை நிறுத்தி மீண்டும் தொடங்குவதைத் தவிர வழியில்லை. தன் ஈசி2 கணினிகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவை பாதிக்கப்படும் என்று அமேசான் அறிவித்தது. ரகசியம் காக்க வேண்டியிருந்ததால், காரணத்தின் முழு விவரத்தை வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை.

திரைப்படச் சேவை நிறுவனமான நெட்ஃபிளிக்ஸ் தன் அனுபவத்தைப் பின்னர் வெளியிட்டது. அதன் 2,700க்கும் மேற்பட்ட கசாண்ட்ரா தரவுத்தளக் கணினிகளில் 218 மறுதொடக்கம் செய்யப்பட்டன; 22 கணினிகள் மீண்டும் எழவில்லை. முன்கூட்டியே வேண்டுமென்று கணினிகளை நிறுத்திப் பழகியிருந்ததால் அதன் சேவை தடைப்படவில்லை. ஒரே ஒரு மெய்நிகர் கணினியை நம்பியிருந்த சிறு நிறுவனங்களுக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை. 2015 மார்ச்சுக்கு முன்பும் இதேபோன்ற மற்றொரு மறுதொடக்க அலை வந்தது.

2015 அக்டோபரில் வெளியான எக்ஸ்எஸ்ஏ-148 இன்னும் கடுமையானது. பாரா மெய்நிகராக்க முறையின் நினைவக மேலாண்மையில் சுமார் ஏழு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்த அவ்வழு, உள்ளே இருப்பவர் முழு வழங்கியையும் கைப்பற்ற வழிவிட்டது. இத்தகைய வழுக்கள் ஜென்னுக்கு மட்டும் உரியவையல்ல. அதே ஆண்டு மே மாதம் வெளிப்பட்ட 'வெனம்' என்ற வழு, கேவிஎம்மும் ஜென்னும் பொதுவாகப் பயன்படுத்திய கியூஎம்யூ மென்பொருளின் நெகிழ்வட்டுப் பகுதியில் இருந்தது. ஜென் குழுவினரும் வாளாவிருக்கவில்லை. 2016 ஜூனில் வெளியான ஜென் 4.7, மறுதொடக்கமின்றித் திருத்தம் பொருத்தும் வசதியைத் தந்தது. ஆனால் பெரிய பயனர்கள் பலர் அதற்குள் வேறு வழியில் நடக்கத் தொடங்கிவிட்டனர்.

லினோடின் மாற்றம்

அமெரிக்க வாடகை வழங்கி நிறுவனமான லினோட், 2003இல் யூசர் மோட் லினக்ஸ் என்ற முறையோடு தொடங்கி, 2008இல் ஜென்னுக்கு மாறியது. 2015 ஜூனில் அது கேவிஎம்முக்கு மாறுவதாக அறிவித்தது. அந்நிறுவனம் நடத்திய சோதனைகளில் அதே விலையிலான கணினி கேவிஎம்மில் குறிப்பிடத்தக்க வேகம் பெற்றது.

மாறும் நேரத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம் என்பது லினோட் கையாண்ட முறை. கட்டுப்பாட்டுப் பக்கத்தில் ஓர் இணைப்பைச் சொடுக்கினால், கணினி நிறுத்தப்பட்டு, புதிய வழங்கிக்கு நகர்த்தப்பட்டு, மீண்டும் தொடங்கும். மாறிய பின்னர் வரும் சிக்கல்களை வாடிக்கையாளர் தமக்கு ஏற்ற நேரத்தில் எதிர்கொள்ள இது உதவியது.

மாறுவதில் உள்ள நடைமுறைச் சிக்கல்கள்

ஜென் வழங்கிகளுக்கிடையே 60 மில்லிநொடியில் நகர்ந்த மெய்நிகர் கணினி, ஜென்னிலிருந்து கேவிஎம்முக்கு அவ்வாறு நகர முடியாது. இரண்டும் காட்டும் வன்பொருள் வேறு. ஒன்றில் பாதியில் நிற்கும் கணினியின் நிலையை மற்றொன்று அப்படியே ஏற்காது. ஆகவே கணினியை ஒருமுறை அணைத்தே தீர வேண்டும். அணைத்தபின் கீழ்க்காணும் சிக்கல்கள் எழலாம்.

வட்டின் பெயர்: ஜென்னில் முதல் வட்டு பொதுவாக 'எக்ஸ்விடிஏ' என்று தோன்றும். கேவிஎம்மில் அது 'விடிஏ' என்று தோன்றலாம். அமேசானின் புதிய கணினிகளில் 'என்விஎம்இ' என்று தொடங்கும் பெயர் வரும். தொடக்கக் கோப்புகளில் பழைய பெயர் எழுதப்பட்டிருந்தால் கணினி தன் வட்டையே காணாமல் நின்றுவிடும். பெயருக்குப் பதில் வட்டின் மாறாத அடையாள எண்ணை எழுதிவைப்பதே பாதுகாப்பான வழி.

இயக்கிகள்: ஜென்னின் வட்டு, வலை இயக்கிகள் கேவிஎம்மில் பயன்படா. அங்கே பெரும்பாலும் 'விர்ட்-ஐஓ' இயக்கிகள் தேவை. பழைய கெர்னலில் இவை இல்லையென்றால் முதலில் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டும். அணைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

தொடங்கும் முறை: பாரா மெய்நிகராக்கக் கணினிக்கு பயாஸ் இல்லை, அதன் கெர்னலை வெளியிலிருந்தே ஏற்றுவார்கள். கேவிஎம்மில் உண்மைக் கணினியைப்போல வட்டின் தொடக்கத்தில் ஏற்றி நிரல் இருக்க வேண்டும்.

வலையமைப்பு: வலையட்டையின் பெயர் மாறினால், பழைய பெயரில் எழுதப்பட்ட முகவரியும் தடுப்புச் சுவர் விதிகளும் செயலிழக்கும். கணினி இயங்கும், ஆனால் வெளியிலிருந்து அணுக முடியாது.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியவை. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள், தங்கள் கணினி எப்படி அமைக்கப்பட்டது என்பதையே மறந்துவிட்ட நிலையில், இவை பெருந்தடையாக மாறும்.

அமேசானின் படிப்படியான விலகல்

அமேசான் ஹைப்பர்வைசரைக் கடைசியாகவே மாற்றியது. அதற்கு முன், ஜென் செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தது. 2013இல் வந்த சி3 வகையில் வலையமைப்பு வேலையின் ஒரு பகுதி, வன்பொருளை மெய்நிகர் கணினி நேரடியாக அணுகும் முறைக்கு மாறியது. 2014இல் வந்த ஆர்3, டி2 வகைகள் எச்விஎம் முறையை மட்டுமே ஏற்றன. பாரா மெய்நிகராக்கம் புதிய வகைகளிலிருந்து விலகத் தொடங்கியது. 2015 ஜனவரியில் வந்த சி4 வகையில் தொலைவட்டுச் சேவையின் வேலை தனி அட்டைக்குச் சென்றது. அதே மாதம் இஸ்ரேலின் அன்னபூர்ணா லேப்ஸ் என்ற சில்லு வடிவமைப்பு நிறுவனத்தை அமேசான் வாங்கியது. 2017இல் ஐ3 வகையில் உள்வட்டுகளையும் மெய்நிகர் கணினி நேரடியாக அணுகியது.

இவ்வாறு டொமைன் 0 செய்துவந்த வேலைகள் பலவும் தனி அட்டைகளுக்குப் போனபின், ஹைப்பர்வைசருக்கு எஞ்சியது செயலியையும் நினைவகத்தையும் பங்கிடும் வேலை மட்டுமே. 2017 நவம்பரில் வெளியான சி5 வகை, கேவிஎம்மின் மையப் பகுதியை அடிப்படையாகக் கொண்ட நைட்ரோ ஹைப்பர்வைசரில் இயங்கியது. ஈசி2 தொடங்கி பதினோர் ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்போதும் பழைய கணினிகள் நிறுத்தப்படவில்லை. பழைய வகைகளை வாடிக்கையாளர்கள் தொடர்ந்து பயன்படுத்தினர். அவற்றின் வன்பொருள் மூப்படைந்தபோது, நைட்ரோ வன்பொருளின் மேலேயே ஜென் சூழலைக் காட்டி, பழைய வகைகளை அதில் இயக்கும் வழியையும் அமேசான் அமைத்தது. ஜென்னை விட்டு வெளியேறிய நிறுவனமே, தன் வாடிக்கையாளர்களுக்காக ஜென்னைப் புதிய வன்பொருளில் பேணிக்காக்க வேண்டியிருந்தது.

மெல்ட்டவுன்

2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைபாடு வெளிப்பட்டது. பாதிக்கப்பட்ட செயலிகளில், 64 பிட் பாரா மெய்நிகராக்கக் கணினி ஒன்று ஜென்னின் நினைவகத்தையும் அதன் வழியே மற்றவர்களின் தரவையும் படிக்க இயலும் என்று தெரியவந்தது. எச்விஎம் கணினிகளால் ஜென்மீது இத்தாக்குதலை நடத்த முடியவில்லை. உள்ளே இருக்கும் பழைய கணினிகளை மாற்றாமல் காக்க, அவற்றைச் சிறு ஜென் ஒன்றுக்குள் வைத்து, அந்தச் சிறு ஜென்னை வன்பொருள் துணையுள்ள உறைக்குள் இயக்கும் வழி கையாளப்பட்டது. இதற்கான இரு நிரல்களில் 'விக்சன்' அமேசானிலிருந்தும் 'காமெட்' சிட்ரிக்ஸிலிருந்தும் வந்தன.

இன்றைய நிலை

ஜென் திட்டம் 2013 முதல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் இயங்குகிறது. ஜோவன்னா ருட்கோவ்ஸ்கா தொடங்கிய கியூப்ஸ் என்ற பாதுகாப்பு இயங்குதளம், பயனரின் ஒவ்வொரு பணியையும் தனித்தனி மெய்நிகர் கணினியில் வைக்க ஜென்னையே நம்பியுள்ளது. 2018இல் வந்த அதன் 4.0 பதிப்பு, பாரா மெய்நிகராக்கத்தைவிட்டு வன்பொருள் துணைகொண்ட முறைகளுக்கு மாறியது. சிட்ரிக்ஸ் தன் ஜென்சர்வரின் கட்டணமில்லாப் பதிப்பில் வசதிகளைக் குறைத்தபோது, பிரான்சின் வேட்ஸ் நிறுவனத்தைச் சார்ந்தோர் எக்ஸ்சிபி-என்ஜி என்ற திறந்த மாற்றை 2018இல் வெளியிட்டனர். சிறிய அளவும் உறுதியான பிரிவும் தேவைப்படும் வாகனக் கணினிகள் போன்ற துறைகளிலும் ஜென் கவனம் பெற்றுள்ளது.

மதிப்பீடு

ஜென்னின் தாக்கம், அதைப் பயன்படுத்துவோரின் எண்ணிக்கையோடு முடிவதில்லை. இயங்கும் கணினியை நிறுத்தாமல் நகர்த்துதல், உள் இயங்குதளமும் ஹைப்பர்வைசரும் பேசிக்கொள்ளும் சிறப்பு இயக்கிகள், மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கணினி ஆகியவை பரவலாக வேரூன்றியதில் ஜென்னுக்குப் பெரும்பங்கு உண்டு. கேவிஎம்மின் விர்ட்-ஐஓ இயக்கிகளிலும் பாரா மெய்நிகராக்கத்தின் கருத்தே வேறு வடிவில் வாழ்கிறது.

பழகிய கருவியை விட்டு மாறுவோருக்கு இவ்வரலாறு சில நடைமுறைப் பாடங்களைத் தருகிறது. ரெட் ஹாட் பழைய பதிப்புக்கு நீண்ட கால ஆதரவு அளித்து மாறியது. லினோட் மாறும் நாளை வாடிக்கையாளரிடம் விட்டது. அமேசான் பழைய கருவியின் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தபின் அதை மாற்றியது. வழிகள் வேறானாலும், மூன்றிலும் புதியது வந்த நாளில் பழையது அணைக்கப்படவில்லை. பழையதன் மேல் வாழ்ந்தவர்கள் இடம்பெயரும்வரை அதைப் பாதுகாப்பாக இயக்கிக்கொண்டிருப்பதும் இடப்பெயர்வின் செலவில் சேர்ந்ததாகவே இருந்தது.